காலையும் மாலையும் சேர்த்து

“ஆறாயிரம்னு சொல்லுங்க மேடம்” என்றார் ரத்தினவேல்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில் நான்கு வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்கூலுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், ஸ்கூல் விட்ட பிறகு மூன்று மணி நேரம். டிபன் ஊட்டி, தலை பின்னி, வேனில் ஏற்றிவிட்டு, சாயந்திரம் பால் கொடுத்து ஹோம் வொர்க் முடிக்க வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு.

இந்தத் தொகையைக் கேட்டுவிட்டு “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று இழுக்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் பஸ்ஸையெல்லாம் சுற்றி விடுகிறார்கள், நேரத்துக்கு எப்படி வருவது என்று சண்டை போட்டு, அந்த நாட்களுக்கு மட்டும் லேட் ஃபீஸே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள்.

பெண்ணைச் சேர்ப்பது பற்றிப் பேச வந்து, ரேட்டை ஏற்றிச் சொல்லச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

குழந்தைக்கு மருந்து ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். இல்லையாம். ஆபீஸில் பில் காட்டிப் பணம் வாங்குவதற்கா என்றேன். அதுவும் இல்லையாம்.

செருப்பை மாட்டிக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு அவர் மனைவி இளவேனில் வந்து ரேட் கேட்பாளாம். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறதாம். சம்பளம் பதினோராயிரம். போகாதே என்று இவர் சொன்னால் வீட்டில் ரகளையாகும். ஆறாயிரம் என்று நான் சொன்னால், அவளே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிடுவாள்.

எனக்கு நஷ்டம் வேண்டாமாம். ஒரு மாத ஃபீஸை அவரே தந்துவிடுவாராம்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ‘ம்’ என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை. அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. சொன்ன மாதிரியே இளவேனில் வந்துவிட்டாள், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. உள் அறையில் என் கணவர் ஜனார்தன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்காரக்கூட இல்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“காலையும் சாயந்திரமும் சேர்த்து எவ்வளவுங்க வரும்?”

புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கெதற்கு என்று ஒரு பக்கம் தோன்றியது. இரண்டாயிரத்து ஐந்நூறு என்று சொன்னால் நாளைக்கு அந்த வீட்டில் நடக்கும் சண்டைக்கு நான்தான் காரணம். ஆறாயிரம் என்று சொன்னால் இந்தப் பெண்ணின் வேலை என் வாயால் போய்விடும். சும்மா வருகிற ஒரு மாத ஃபீஸ் மீதும் ஒரு கண் இருந்தது, பொய் சொல்வானேன்.

“ஆறா...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் விரல் ஆறை அழுத்திவிட்டு நின்றது. முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்துபோய் என்னையே பார்த்தாள்.

“ஆறரை வரைக்கும் இருக்கலாம். இரண்டாயிரத்து ஐந்நூறு” என்றேன்.

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள், சொன்னேன். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். திங்கட்கிழமையே கொண்டுவந்து விடலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் ஜனார்தன் எதிரே நிற்கிறார்.

“என்ன காரியம் பண்ணினே? ரத்தினவேல் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

ரத்தினவேல் வந்ததையே நான் இவரிடம் சொல்லவில்லை.

கேட்டதற்கு, இரண்டு பேரும் ஃபேக்டரியில் ஒரே செக்‌ஷனாம். பெண்டாட்டி வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், என்ன செய்வது என்று அவர் புலம்பினாராம். இவர்தான் யோசனை சொல்லி அனுப்பிவைத்தாராம். சண்டை சச்சரவில்லாத யோசனையாம். கைகண்ட மருந்தாம்.

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பேப்பரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

நான் கூடத்திலேயே நின்றேன். கைகண்டதா? எங்கே கண்டார்?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் கைலாசபுரத்தில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை, சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. ஒன்றாம் வகுப்புப் பையனை ஸ்கூல் விட்டதும் பார்த்துக்கொள்ள, நாலாவது தெருவில் லிசி டீச்சரிடம் போய் ரேட் கேட்டேன். மூவாயிரம் என்றார். பஸ் செலவு போகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்று அந்த வாரமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அம்மாவிடம் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அப்போது பக்கத்து வீட்டு அமிர்தத்தின் மகளும் லிசி டீச்சரிடம்தான் போய்க்கொண்டிருந்தாள். என்ன கொடுக்கிறாய் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. ரேட்டில் போய் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

போனை எடுத்து அமிர்தத்தைக் கூப்பிட்டேன்.

“ஆயிரம்தான் மாலினி. எல்லாருக்கும் அதே ரேட்டுதானே. ஏன், இப்ப எதுக்குக் கேக்கறே?”