இரண்டாவது டப்பாவுக்கும் பொட்டு

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கோகிலவாணிக்குத் தன் தவறு உறைத்தது.

இரண்டு ஹார்டு டிஸ்கையும் பூஜைப் பலகையில் வைத்துவிட்டாள்.

கோழிப்பண்ணை ஆபீஸ் அறையில் ஆயுத பூஜை. தராசு, ஸ்பானர்கள், மருந்து தெளிக்கும் பம்பு, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவற்றின் நடுவில் கறுப்பாக, உள்ளங்கை அளவில், ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை பலகையை நகர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை அவை ஓய்வெடுக்கும். ஒரு வருடம்கூட அவள் மீறாத வழக்கம் அது.

ஒரு டிஸ்க் எல்லோருக்கும் தெரிந்தது. மாமனார் காலத்து ஸ்டுடியோ படங்களிலிருந்து போன மாதக் கிரகப்பிரவேசம் வரைக்கும் அதில் இருந்தது. சொந்தபந்தங்கள் அனுப்புவதையெல்லாம் வாங்கி, விசேஷம் வாரியாகப் பெயர் போட்டு அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு.

இன்னொன்று யாருக்கும் தெரியாது. அது பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள் இருப்பது.

மூன்று வருடங்களுக்கு முன் மகள் மதுமதி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனபோது, கூடியிருந்த பங்காளிகள் முன்னால் கோகிலவாணியின் கணவர் சந்திரசேகர் சொன்னார்.

“அவ மொகம் இந்த ஊட்டுல ஒரு படத்துலகூட இருக்கக் கூடாது.”

சுவரில் மாட்டியிருந்ததை அவரே கழற்றினார். டிஸ்கில் இருப்பதை அழிக்கும் வேலை கோகிலவாணிக்கு வந்தது.

அவள் அழித்தாள். மதுமதி நிற்காத கல்யாணமோ கிடாவெட்டோ அந்தக் குடும்பத்தில் இல்லை. அழித்து முடித்தபோது குடும்பமே பாதியாகியிருந்தது.

ஆனால் ஒவ்வொன்றையும் அழிக்கும் முன், இன்னொரு டிஸ்கில் ஏற்றிக்கொண்டாள். அங்கேயும் ‘காதுகுத்து’, ‘சீர்’, ‘காலேஜ்’ என்று பெயர் போட்டு அடுக்கினாள்.

அதன் பிறகு அதில் சேர்க்க எதுவும் வரவில்லை. மகளிடமிருந்து போன் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று கேட்கவும் ஆள் இல்லை. அவர் சந்தைக்குப் போகும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள். எந்தப் படத்தில் எந்த வளையல் என்பதுவரை மனப்பாடம்.

இன்று அதை மட்டும் பீரோவில் விட்டு வர மனம் வரவில்லை. பம்புக்கும் தராசுக்கும் பொட்டு வைத்துவிட்டு, தன்னோடு இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததை எப்படி விடுவது? கும்பிடுகிற கைக்கு ஒன்றை மட்டும் ஒதுக்கத் தெரியாது.

“இதென்ன புள்ள, டப்பா ரெண்டு இருக்குது?”

சந்திரசேகர் திருநீற்றுத் தட்டோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கெட்டுப்போச்சுங்க.”

“கெட்டுப்போனதுக்கு எதுக்குப் பொட்டு? அப்பறம் அந்தத் தேஞ்ச வெளக்கமாத்துக்கும் ஒண்ணு வெச்சு உடு.”

“அதுவும் ஒழைச்சதுதானுங்களே.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமானெல்லாம் வெளிய கெடக்குது. நான் இங்கயே படுத்துக்கறேன். நீ ஊட்டுக்குப் போ.”

போகாமல் இருக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

விடிந்ததும் பொங்கல் பாத்திரத்தோடு பண்ணைக்கு வந்தாள். அவர் அறையில் இல்லை. கோழிக் கொட்டகைப் பக்கம் அவர் குரல் கேட்டது.

பலகை வடக்கே நகர்ந்திருந்தது. பூஜையை முடித்து வைத்திருந்தார்.

இரண்டாவது டப்பாவை எடுத்தாள். ஒயர் செருகும் இடத்தில் தான் வழியவிட்டிருந்த சந்தனத்தை யாரோ குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள்.

முருகா, அழித்திருக்க மாட்டார், அழித்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் செருகினாள்.

காதுகுத்து இருந்தது. சீர் இருந்தது. காலேஜ் இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். ஒரு படமும் குறையவில்லை.

மூச்சு வந்த பிறகுதான் கீழே இன்னொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. அவள் உண்டாக்கியது அல்ல. பெயர் வைக்கத் தெரியாமல், ‘நியூ ஃபோல்டர்’ என்றே விடப்பட்டிருந்தது.

திறந்தாள்.

தொட்டில் துணிக்குள் ஒரு சிசு. மூடிய கை.

அடுத்ததில் அதே குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்ததில் மதுமதியின் மடியில், மொட்டைத் தலையும் பட்டுப்பாவாடையுமாக. மகள் கொஞ்சம் இளைத்திருந்தாள். கேமராவைப் பார்த்து, அழுதபடியே சிரித்திருந்தாள்.

தனக்குப் பேத்தி பிறந்திருப்பது கோகிலவாணிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

கடைசிப் படம் ஏதோ ஒரு ஊரின் சிமெண்ட் வாசலில், சாயங்கால வெயிலில் எடுத்தது. எடுத்தவரின் நிழல் நீளமாகத் தரையில் விழுந்திருந்தது. தலையில் துண்டுக் கட்டு, இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்த தோள். முப்பது வருடமாக அவள் சோறு போட்ட நிழல்.

குழந்தை அந்த நிழலின் தலைமேல் உட்கார்ந்து, துண்டை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது.