புல்டாக்குக்கு அறுபத்துமூன்று பெயர்கள்

"ஃபெர்கஸ்."

சமையலறை வாசலில் நின்று அவள் கூப்பிட்டாள். கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி ஊற்றினாற்போல ஒரு குரல்.

செய்தித்தாளுக்குப் பின்னால் அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

புல்டாக் அசையவில்லை.

"லோர்கன்…"

இந்த முறை கடைசியில் ஒரு சின்ன இழுவை. கல்யாணமான புதிதில்கூட அந்த இழுவை இந்த வீட்டில் கேட்டதில்லை.

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. மூடியது. விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தது. அந்தக் குறட்டைக்கு முன்னால் பீளமேட்டில் கிளம்பும் விமானமெல்லாம் கொசு.

அவள் நோட்டில் லோர்கனை அடித்தாள்.

அயர்லாந்தில் இருக்கும் மகள், பெற்றவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கோயம்புத்தூரிலேயே ஆள் பிடித்து வாங்கிக் கொடுத்த நாய். பெயர் மட்டும் அங்கத்துப் பழைய கெல்டிக் பெயராக இருக்க வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் அறுபத்துமூன்று அனுப்பியிருந்தாள்.

அறுபத்துமூவரையும் இவள் கோடு போட்ட நோட்டில் ஏற்றினாள். பக்கத்தில் பொருள். நாளைக்கு மூன்று பெயர் வீதம் கூப்பிட்டுப் பார்க்கிறாள். வாயில் உட்கார வேண்டுமாம்.

ஃபெர்கஸ் என்றால் பலசாலி. லோர்கன் என்றால் குட்டி உக்கிரன்.

உக்கிரன் முந்தாநாள் ஒரு பல்லியைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் போனது. சாயங்காலம்தான் வெளியே வந்தது.

"மணின்னு வெச்சுட்டுப் போ மயிலாத்தா."

"ஊருப்பட்ட நாய்க்கெல்லாம் மணிதானுங்க. இது மூஞ்சியப் பாருங்க, ராசாவாட்டம் இருக்குது."

பார்த்தார். லாரி ஏறின பலாப்பழம் மாதிரி இருந்தது.

மேசை மின்விசிறி இப்போதெல்லாம் ராஜாவின் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. ராஜாவுக்குத் தயிர். அவருக்கு மோர்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார். பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாற்பத்திரண்டு வருஷம். அவர் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அவளைப் பெற்றவள். கோயிலில் அர்ச்சனைக்குத் துண்டுச்சீட்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அவரையே கைகாட்டுவாள். அவர் ஊரில் இல்லாத ஒரு தேர்தலன்று, வாக்குச்சாவடியில் கணவர் பெயர் கேட்டார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. வரிசை அவிநாசி ரோடுவரை நின்றதாகக் கேள்வி.

அவர் மேலாளராக இருந்த பஞ்சாலையில் மூவாயிரம் பேர் சொன்ன பெயர். சங்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்தே சொன்னார்கள்.

அவள் வாயில் மட்டும் உட்காரவில்லை.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். குறைகிற ஆயுசு குறையட்டும்.

"ஏனுங்க" என்பாள். அவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. ஆனால் அவள் அப்படிக் கூப்பிட, உலகத்தில் எழுந்து வருகிற ஆள் அவர் ஒருவர்தான். அதில் ஒரு ஆறுதல்.

பத்தொன்பதாம் நாள் மதியம்.

"ஏனுங்க, சோறு ஆறுது."

எழுந்து, முழங்காலைச் சமாதானப்படுத்தி, வேட்டியை இறுக்குவதற்குள் காலோரமாக ஒரு மூட்டை உருண்டு ஓடியது.

நாய் அவள் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

"கார்மக்?" என்றாள்.

காதைச் சொறிந்துகொண்டது.

"அங்கஸ்?"

கொட்டாவி விட்டது.

அவள் நோட்டை மூடினாள். மெல்ல, சந்தேகத்தோடு, "ஏனுங்க?"

இல்லாத வாலுக்கும் சேர்த்துப் பின்பக்கம் முழுவதும் ஆடியது.

நாயைச் சொல்லிக் குற்றமில்லை. நாளொரு பெயரும் வேளையொரு பெயருமாகக் கேட்ட வீட்டில், மாறாமல் அது கேட்டது அந்த ஒன்றைத்தான். அதைக் கேட்டால் சோறு வரும்.

அவள் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

"அதையுமா அதுக்குக் குடுத்துட்டே?" என்றார் அவர்.

அன்றைக்கு மோரும் வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலை அவர் கூடத்தில், பேப்பரோடு. அவள் சமையலறையில், முழங்கைவரை இட்லி மாவோடு. அடுப்பில் பால்.

"ஏனுங்க! பாலு பொங்குது. அடுப்ப நிறுத்துங்க!"

நாய் போனது.

"உன்னையில்ல. அக்கட்டால போ. ஏனுங்க, உங்களத்தானுங்க!"

நாய் இன்னும் நெருங்கியிருக்க வேண்டும். ஒரு பாத்திரம் உருண்டது.

அவர் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள்.

பால் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

"நாச்சிமுத்து."

மின்விசிறி நின்றது. பீளமேட்டு விமானம் அந்தரத்தில் நின்றது.

கொஞ்சம் கழித்து, தனியாக, பயந்து, "ங்க."

பால் தீயில் விழுந்து கருகும் வாசனை கூடம்வரை வந்தது.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு, பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.