குவைத் கெசட்

“இப்ப அந்த மெஷின வாங்க வேணாம் மச்சான். இங்க அதவிடப் புதுசு வந்தீக்கி. நான் வாறப்போ கொண்டாறன்.”

கெசட் ஒலிநாடாவில் பேசியவன் ரஸாக், நிலாமின் மனைவி ஸாஹிராவுடைய மூத்த சகோதரன். குவைத்துக்குப் போய் ஏழு மாதம் என்று ஊரே சொல்லும். கெசட்டில் கேட்ட, தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்குள் அவன் குரல் அமுங்கிப் போயிற்று. நிலாம் ‘நானா’ என்று அண்ணன் முறையில் அழைக்கும் ஜுனைதீன், வெயிலில் நடந்து வந்த வியர்வையைக்கூடத் துடைக்காமல், காதைக் கெசட் பெட்டியோடு ஒட்டிக்கொண்டார்.

போன கிழமைதான் அவர் கொழும்புக்குப் போய்ப் புது டிவி கேம் மெஷின் வாங்கி வந்திருந்தார். கலரில் ஆறு விளையாட்டு. கஹவத்தையில் தான்தான் முதல் ஆள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்து, கடைசியாக இங்கே வந்திருந்தார்.

நிலாம் வீட்டில் இன்னும் பழையதுதான். கறுப்புத் திரையில் இரண்டு கோடு, நடுவே ஓடுகிற ஒரு புள்ளி. இவனுக்கு வயிறெரியும் என்று ஆசையோடு வந்தவருக்குத் தன் வயிறே எரிந்தது.

“எப்பயாம் வாறது?”

“தெரியா நானா. அதுவரைக்கும் எங்களுக்கு இது போதும்.”

அந்தப் ‘போதும்’தான் ஜுனைதீனுக்குப் பொறுக்கவில்லை. இவனுக்கு வாய்த்த மச்சானைப் பார், நமக்கும் ஒரு தம்பி வாய்த்தானே, கடையில் ஈ ஓட்டிக்கொண்டு.

“ஒங்கட மச்சானை அனுப்பின ஏஜென்டு ஆரு?”

“ஏன் நானா?”

“எங்கட தம்பி புவாடையும் அனுப்பப் போறன். பெல்மதுளைக் காணிய வித்திட்டன். காசு மடியிலதான் ஈக்கி. இண்டைக்கே கொண்டு போய்க் குடுக்கணும்.”

நிலாம் கெசட்டை நிறுத்தினான். அதோடு மழைச் சத்தமும் நின்றது; வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“அவசரப்படாதீங்க நானா.”

“நீங்க மட்டும் நல்லா ஈக்கோணும், அப்படித்தானே?” ஜுனைதீன் எழுந்தார். “பேரச் சொல்ல மனசு வரல்ல. பரவாயில்ல, நானே தேடிக்கொள்ளுறன்.”

அவர் செருப்பை மாட்டத் தொடங்கினார். அடுப்படி வாசலில் நின்ற ஸாஹிரா, வேண்டாம் என்று நிலாமிடம் தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நிலாம் எழுந்து போய், எப்போதும் சாத்தியே கிடக்கும் பின்னறைக் கதவைத் தட்டினான்.

“ரஸாக் மச்சான், வெளிய வாங்க. அந்த ஏஜென்டு செஞ்சத நானாக்குச் சொல்லுங்க.”