மண் தின்னாதது

ஐந்தாவது ஜட்டியும் சல்லடையாக வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

தோட்டக்காரர்களுக்குப் பயிற்சி நடத்தும் மண் டீச்சர் அதைக் குச்சி நுனியில் தூக்கிக் காட்டினாள். வெள்ளைப் பருத்தி. பின்பக்கம் முழுசாகப் போய்விட்டிருந்தது. அதற்குச் சொந்தக்காரரான கணக்கு வாத்தியார் பாதி வெட்கமும் பாதி பெருமையுமாக நின்றார்.

விஷயம் இதுதான். இலை உதிரும் நாட்களில், பொதுத் தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் டீச்சர் ஒரு புது ஜட்டியைக் கொடுத்துப் புதைக்கச் சொல்லியிருந்தாள். மண்ணுக்கு உயிர் இருந்தால் புழுவும் பூச்சியும் சேர்ந்து துணியைத் தின்றுவிடும். எலாஸ்டிக்கை மட்டும் தின்னாது. வசந்தத்தில் தோண்டும்போது எலாஸ்டிக் மட்டும் வந்தால் முதல் தரமான மண். ஜட்டி முழுசாக வந்தால் மண் செத்துக் கிடக்கிறது, ஆள் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். பாத்தி, இடம் கேட்டுக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

காத்திருப்பவர் ஒரு பல் டாக்டர். வரும்போதே அளவு நாடாவோடு வந்திருந்தார்.

அடுத்துத் தோண்ட வேண்டியது லிஃப்ட்காரருடைய பாத்தி.

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மேலேயும் கீழேயும் போய்வந்தாயிற்று, இனி ஒரே இடத்தில் நிற்கலாம் என்று தோட்டத்தில் சேர்ந்தார். எருப் பயிற்சி, தேனீப் பயிற்சி, கோழிக்கூடு கட்டும் பயிற்சி, எதையும் விடவில்லை. தேனீ கொட்டி உதடு வீங்கிய அன்றுகூட அடுத்த வாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

இந்தப் பாத்தி போனால் அவருக்குப் போக வேறு இடமில்லை. வீடுதான்.

வீட்டில் மனைவி பகலில் தூங்குகிறவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை. அவள் தூங்கும்போது சத்தம் போடக் கூடாது என்றுதான் அவரும் பார்ப்பார். ஆனால் கை சும்மா இருக்காது. எந்தக் கீல் கிறீச்சிடுகிறது என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்ப்பார். நடுநடுவே அவள் அறைக் கதவைத் தட்டி, தூங்கிட்டியா என்று வேறு கேட்டுக்கொள்வார்.

இன்று அவள் வேலையிலிருந்து நேரே இங்கே வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. எந்தப் பயிற்சிக்கும் எட்டிப் பார்க்காதவள் இன்றைக்கென்று பார்த்து வேலியோரம் வந்து நிற்கிறாள். புருஷன் மானம் போவதை வேடிக்கை பார்க்க வேறு நாளே கிடைக்கவில்லையா என்று லிஃப்ட்காரர் உள்ளுக்குள் புழுங்கினார்.

ஏனென்றால் அந்தப் பாத்தியில் ஒன்றுமே இல்லை.

டீச்சர் கொடுத்தது நல்ல துணி. தடிமனான பருத்தி, உறுதியான தையல். அதைப் புழுவுக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. குழி தோண்டினார், சுற்றுமுற்றும் பார்த்தார், வெறுங்குழியை மூடி மேலே அடையாளக் குச்சியை நட்டுவிட்டுப் போய்விட்டார். பழசு ஒன்றைக் கொண்டுவந்து புதைத்துவிடலாம் என்று இருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று குளிர்காலமே ஓடிப்போனது.

டீச்சர் மண்வெட்டியை நீட்டினாள். "தோண்டுங்க சார். வெக்கப்படாதீங்க, எல்லாரோடதையும் பாத்தாச்சு."

கூட்டம் சிரித்தது.

எவ்வளவு மெதுவாகத் தோண்ட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தோண்டினார். மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. பேருக்கு ஒரு புழுகூட இல்லை. பல் டாக்டர் நாடாவை இழுத்து இழுத்து விட, அது டக் டக்கென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மண்வெட்டி நுனியில் ஏதோ மாட்டியது.

எலாஸ்டிக். வட்டமாக, சேறு அப்பி, துணி என்று சொல்ல ஒன்றும் ஒட்டிக்கொண்டிராத வெறும் எலாஸ்டிக்.

டீச்சர் அதைக் குச்சியில் தூக்கிக் காட்டினாள். இப்படி ஒரு மண்ணை ஆயுசில் பார்த்ததில்லை என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கணக்கு வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. பல் டாக்டர் நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, பால்கனித் தொட்டிக்கு ஒரு வாளி மண் கிடைக்குமா என்று குழைந்தார். தாராளமாக அள்ளிக்கொள்ளுங்கள் என்றார் லிஃப்ட்காரர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

எலாஸ்டிக்கைக் கையில் வாங்கிச் சேற்றைத் துடைத்தார்.

ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல்.

அது சலவைக்கூடத்துப் பழக்கம். மகன் வீட்டோடு இருந்த நாளிலிருந்தே, அவனுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று அவருடைய ஒவ்வொன்றிலும் அவள் போட்டுவைக்கும் அடையாளம். இன்னும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தார். துணி மக்கிப் போயிருக்கவில்லை. தையலை ஒட்டிக் கத்தரியால் நறுவிசாக வெட்டப்பட்டிருந்தது.

சட்டென்று கட்டைவிரலால் சிவப்பு நூலை மறைத்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தார். அவள் கொட்டாவி விட்டாள்.

கூட்டம் அடுத்த பாத்திக்கு நகர்ந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"சிவப்பு நூல் இல்லாத புதுசு ஒண்ணு துவைக்க வந்துச்சே, அன்னிக்கே தெரியும், நீங்க புதைக்கலைன்னு."

லிஃப்ட்காரர் எலாஸ்டிக்கைச் சட்டைப் பைக்குள் திணித்தார். இத்தனை வருஷத்தில் தனக்காக இவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எனக்காகவா என்று கேட்க வாயெடுத்தார்.

அவள் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியக் குடுங்க. பொழுது சாஞ்சப்புறம் வந்தா போதும்."