நான்காவது விரல்

பள்ளி மைதானத்தில் கடை போட்ட பிள்ளைகளில் வெண்மதியிடம் மட்டும்தான் சரக்கே இல்லை.

அவளிடம் இருந்தது ஒரு துண்டு. அப்பா தர்மனின் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டு. காலையில் கேட்காமலே எடுத்து வந்திருக்கிறாள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே வியாபாரம் பழகட்டும் என்று பள்ளியில் ஏற்பாடு செய்த சந்தை அது. சுண்டல், எலுமிச்சை ஜூஸ், காகிதப் பூ என்று ஆளுக்கொன்று பரப்பியிருந்தார்கள். பெற்றோர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். தர்மனும் செல்போனை நீட்டிக்கொண்டுதான் நின்றான். காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவனுக்கு மகள் சந்தைக்கு இறங்குவதைப் பார்க்கக் கசக்குமா?

வெண்மதி நேராகத் தோழி யுவராணியிடம் போனாள். யுவராணியின் முன்னால் ஒரு கூடை சீத்தாப்பழம் விலைபோகாமல் கிடந்தது.

இருவர் கையையும் துண்டு மூடியது. விரலுக்குப் பத்து ரூபாய் என்று காதில் சொல்லிவிட்டு, மாட்டுச் சந்தையில் விலை வெளியே தெரியாமல் செய்வது போலவே உள்ளே விரலைப் பிடித்து ஒரு விலை முடித்தாள். பிறகு தலைமையாசிரியையின் கையை அதே துண்டால் மூடி, வேறொரு விலை முடித்தாள். கூடை கை மாறியது. நடுவில் மிஞ்சியது வெண்மதியின் பென்சில் டப்பாவுக்குள் போனது.

"தாய் எட்டடின்னா குட்டி பதினாறடிங்க! கைமுதலே இல்லாம சம்பாரிச்சுட்டா பாருங்க" என்று தலைமையாசிரியை மைக்கிலேயே சொன்னார். மைதானம் கை தட்டியது.

தர்மன் தட்டவில்லை. செல்போனை இறக்கிவிட்டான்.

விரல் கணக்கை அவன்தான் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தான். விற்கிறவனுக்கு ஒரு விலை, வாங்குகிறவனுக்கு ஒரு விலை என்பதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. அதையெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்? லீவு நாட்களில் கூடவே சந்தைக்கு வந்தவள், பார்த்தே பழகியிருக்கிறாள்.

ஏமாந்த பிள்ளையும் யார்? காவேரியின் மகள்.

போன மாதம்தான் காவேரி, யுவராணிக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதற்காகத் தன் கறவை மாட்டைத் தர்மன் கையில் ஒப்படைத்தாள். ஓசூர் வியாபாரி துண்டுக்கு அடியில் பிடித்தது நான்கு விரல். முதல் பிடி பத்தாயிரக் கணக்கு; நாற்பதாயிரம். தர்மன் காவேரியிடம் முப்பத்தைந்து என்றான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் காவேரிதான் இப்போது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாய் வந்தாள்.

"அண்ணா, இவளுக்கும் அந்த விரல் கணக்கக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணா. அன்னிக்கு எங்க மாட்டுக்கு எத்தன விரல் புடிச்சாங்களோ, அதையே புடிச்சுக் காட்டுங்க."

பேச்சில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

யுவராணி கையை நீட்டினாள். சீத்தாப்பழச் சாறு ஒட்டியிருந்த சின்னக் கை. வெண்மதி தானாகவே முன்னால் வந்து துண்டை மேலே போட்டாள்.

நான்கு விரலைப் பிடித்தால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். மீதியைக் காவேரி கேட்டுக்கொள்வாள்; திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்துப் பிடித்தான். நான்காவது விரல் அவன் கையில் வந்து பட்டது.

அதை மட்டும் விட்டுவிட்டான்.

பிறகு ஆயிரக் கணக்குக்கு ஐந்து விரலையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினான்.

"மூணு... அஞ்சு. முப்பத்தஞ்சாயிரம்மா!" யுவராணி குதித்தாள்.

"அதேதான். பொழச்சுக்குவா, இல்லீங்கண்ணா?" என்றாள் காவேரி.

தர்மனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தான். குனிந்த இடத்தில் மகளின் முகம் இருந்தது.

அன்றைக்கு ஓசூர் வியாபாரி விலை சொன்னபோது, பிள்ளை பழகட்டும் என்று வெண்மதியின் கையையும் துண்டுக்குள் விட்டு, எத்தனை விரல் என்று தொட்டுப் பார்க்கச் சொன்னது அவன்தான்.

வெண்மதி அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.