மார்ச் ஆறு

கஸ்தூரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

செருப்போடு நுழைந்தால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடிக்கும் என்று முகப்பேர் ஹவுசிங் போர்டே நம்பியது. கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் உத்தமன் அதை மறுத்ததில்லை. தரை சுத்தமாக இருந்ததே.

அவள் நீட்டிய பிளாப்பியில் ஒரே ஒரு புரோகிராம். ‘பாப்பா’ என்று மகளைக் கூப்பிடும் பேர்தான் அதற்கும். எழுதியது அவள் புருஷன் சம்பத். இங்கேதான் சாயங்கால வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அம்பத்தூர் தண்டவாளத்தில் போய்ச் சேர்ந்தான்.

செருப்பு வார் அறுந்து தடுக்கிவிட்டது என்றாள் கஸ்தூரி. எந்த வாரும் அறவில்லை, இரண்டும் ஜோடியாக ஓரத்தில் கிடந்தன என்றது தெரு. துக்கம் கேட்கப் போனவர்கள் அதைத்தான் கேட்டார்கள். காபி சுமார் என்றும் வந்து சொன்னார்கள்.

பிளாப்பியில் வைரஸ் இல்லையென்றால் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று உத்தமனைக் கேட்டாள் கஸ்தூரி. சுவரோரம் போய் நின்றுகொண்டாள். திரைப் பக்கம் திரும்பவே இல்லை.

வைரஸைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கவில்லை. அது போன வருஷத்துச் சரக்கு.

உத்தமனிடம் வேறு வழி இருந்தது. ஒன்றுமில்லாத பழைய மெஷினில் போட்டு, தேதியைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்ப்பான். நம் ஜனங்களைப் போல வைரசும் நாள் பார்த்துத்தான் காரியத்தில் இறங்கும்.

இன்றைய தேதியில் ஓடவிட்டான். ‘இன்னும் நாள் இருக்கு’ என்றது திரை.

பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை; ஒரு வைரசுக்கு உகந்த நாள். அதே பதில்.

மார்ச் ஆறு. பேர்போன இன்னொரு வைரஸ் கண் விழிக்கும் நாள். பாப்பாவின் பிறந்தநாளும் அதுதான்; கேக் தின்றவர்களில் உத்தமனும் உண்டு.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது: ‘கண்ணம்மா, ஆறு வயசு. அப்பா இல்லேன்னு அழாதே.’

புரோகிராம் எழுதிய தேதியைப் பார்த்தான். தண்டவாளத்துக்கு முதல் நாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனும் அந்தத் தெருக்காரன்தானே. அடுத்த மார்ச்சுக்குத் தள்ளினான். ஏழு வயசு. அதற்கடுத்து எட்டு. பதினெட்டில் ‘மன்னிச்சுடு’ என்று ஒரே வார்த்தை. அதற்கப்புறம் எந்த மார்ச்சும் பேசவில்லை.

மெஷினை அணைத்தான்.

“வைரஸ் கீதுக்கா. பாப்பாவுக்குக் காட்டிடாத.”

அவள் தலையாட்டினாள். பிளாப்பியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியவள், திரும்பாமலே கேட்டாள்.

“எத்தினி வயசு வரைக்கும் எழுதிக்கீறாரு, தம்பி?”