அளவு டேப்பில் ஒரு சாவி

“ஒண்ணே ஒண்ணு குடு. வேணும்னா உன் கால்ல விழறேன்!”

வெல்டிங் பட்டறையில் ஏணியோடு சரிந்து, ஆஸ்பத்திரியில் தோளில் தகடு வைத்துத் தைத்துக்கொண்டு வந்த சித்தப்பா, கட்டிலில் கிடந்து கெஞ்சினார். அவர் தும்மினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். இன்றைக்கு அந்தக் குரல் பூனைக்குட்டியிடம் இரவல் வாங்கினது மாதிரி இருந்தது.

சித்தி தையல் மிஷினை நிறுத்தவில்லை. “அலாரம் அடிக்கட்டும்.”

வலி மாத்திரைகள் அலமாரியில், பூட்டிய தகரப் பெட்டிக்குள். சாவி, சித்தியின் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பின் நுனியில்.

பார்க்க வந்திருந்த பெரியத்தைக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பாவின் அக்கா. குரல், தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி.

“என்ன பொம்பளை நீ? கட்டின புருஷன் துடிக்கிறான், உனக்குக் காலர் தைக்கிறது முக்கியமா?”

“காலையிலதான் டாக்டர்கிட்ட பேசினேன் அண்ணி. ஐஸ் ஒத்தடம் குடுங்க, தலையணையை மாத்தி வைங்க, மாத்திரை மட்டும் நேரத்துக்குத்தான்னு சொல்லிட்டாங்க.”

“அப்ப இந்தா!” அத்தை கைப்பையைத் திறந்தார். “என்னோட தூக்க மாத்திரை. போட்டுக்கடா தம்பி. வலியே தெரியாம தூங்கிடுவே.”

அதுவரை அசையாத சித்தி ஒரே பாய்ச்சலில் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“இவர் சாப்பிடறது ஓபியாய்டு, அபின் வகை வலி மாத்திரை அண்ணி. அதோட இதுவும் சேர்ந்தா, தூக்கத்துலேயே மூச்சு நின்னு போயிடும்!”

“கேட்டுக்கடா! நான் உன்னைக் கொல்ல வந்திருக்கேனாம்!”

அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார்.

“நேத்து நல்லாத் தூங்கினவனைத் தட்டி எழுப்பி, ‘உங்க பேர் சொல்லுங்க’ன்னு கேட்டாளாம். பேர் மறந்துடுமா அவனுக்கு? கிளி, நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே. டாக்டரா பேசுடி. இன்னொரு மாத்திரை குடுக்கச் சொல்லு.”

கரும்பு தின்னக் கூலியா? எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், பஸ் கண்டக்டர், சளி பிடித்த பக்கத்து வீட்டு மாமா, எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். வாடகைகூட வாங்குவதில்லை. அத்தையும் உண்டு. அது அத்தைக்குத் தெரியாது.

கீழ்வீட்டு அக்காவிடம் போனை வாங்கினேன். கனமாக ஒரு கனைப்பு கனைத்தேன்.

“ம்... டாக்டர் பேசறேம்மா. பேஷன்ட் எப்படி இருக்கார்? வலி ஜாஸ்தின்னா இன்னொண்ணு தாராளமா குடுங்க. நான் சொல்றேன், பயப்படாதீங்க.”

மறுமுனையில் மிஷின் சத்தம் நின்றது.

“சரிங்க டாக்டர். காலையில பேசறப்ப பொம்பளையா இருந்தீங்களே, அதுக்குள்ள மீசை முளைச்சிடுச்சா?”

எனக்கு இருமல் வந்துவிட்டது. இது நிஜ இருமல்.

“மேல வா கிளி. அப்படியே அத்தையையும் கூட்டிட்டு வா. படியில நின்னா கால் வலிக்கும், பாவம்.”

மேலே போனதும் அத்தை அடங்குவார் என்று பார்த்தால், கூட ஒரு சுருதி ஏறியது.

“ஆமா, நான்தான் பேசச் சொன்னேன்! என்ன பண்ணுவே? கல்நெஞ்சுக்காரி! என் தம்பியை ஜெயில்ல போட்டுட்டுச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறே!”

சித்தியின் கண் நிறைந்தது. டேப்பைச் சரிசெய்கிற சாக்கில் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பதில் இல்லை.

அலாரம் அடித்தது.

பாதித் தையலில் ஊசி நிற்க, சித்தி எழுந்து ஓடினார். பெட்டி திறந்தது. ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பெட்டி மூடியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, சித்தப்பாவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலி இறங்க இறங்க, சித்தப்பாவுக்குச் சொந்தக் குரல் திரும்பி வந்தது.

“அக்கா, அவளை ஒண்ணும் சொல்லாதே. எழுப்பிப் பேர் கேட்கிறது, மாத்திரை மயக்கம் அதிகமாயிடுச்சான்னு பார்க்கத்தான்.”

“நீ சும்மா இருடா. உனக்காகத்தான்...”

“முன்னாடி முதுகு வலிக்கு மாத்திரை சாப்பிட்டேனே, ஞாபகம் இருக்கா? வலி போயிடுச்சு. மாத்திரை போகல. வலிக்குது வலிக்குதுன்னு பொய் சொல்லி வாங்கி முழுங்கினேன். ஒரு நாள் பட்டறையில எரியற வெல்டிங் டார்ச்சைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கிட்டேன். டாக்டரம்மாதான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, மனுஷனாக்கி விட்டாங்க.”

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா.”

“வெக்கம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு இவகிட்ட சொன்னேன். நீ இவ்வளவு திட்டியும் வாயைத் திறந்தாளா பாரு.”

“அதுக்காக உன்னை நம்பாம, இப்படிப் பூட்டுப் போட்டு...”

“பூட்டை வாங்கிட்டு வந்தது நான்தான்க்கா. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, சாவியை அவ டேப்புல முடிஞ்சதும் நான்தான். கெஞ்சுவேன், திட்டுவேன், அக்காவை விட்டுச் சண்டை போட வெப்பேன், எதுக்கும் மசியாதேன்னு சத்தியம் வாங்கினேன்.”

அத்தை கைப்பையை மூடிக்கொண்டார்.

சித்தி மறுபடி மிஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து காலரைத் தைக்க ஆரம்பித்தார்.

தெருவில் எல்லார் குரலும் எனக்கு வரும். சித்தி பேசாமல் இருந்ததை மட்டும் எப்படிச் செய்து காட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை.